மாணவர் பரிமாற்றம்: போவதற்கு முன் அழையுங்கள்

வெள்ளவத்தைப் பக்கம் உள்ள ஒரு தமிழ் மொழிமூலப் பாடசாலையின் ஆசிரியை கேட்டிருக்கிறார்: தரம் 10 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைகளில் 12 பேரை ஒரு வெளிநாட்டுப் பாடசாலையோடு பரிமாற்றத்துக்கு அனுப்ப வேண்டும், பழைய மாணவர் சங்கம் ஓரளவு பணம் தரும், எந்த நாட்டைத் தெரிவு செய்வது, எத்தனை நாள் அனுப்புவது, எங்கிருந்து தொடங்குவது? கொழும்பில் பல வருடங்கள் பொறுப்பாசிரியையாக இந்த வேலையைச் செய்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாட்டைத் தெரிவு செய்வதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதலில் அந்த வெளிநாட்டுப் பாடசாலைப் பிள்ளைகளை இங்கே வரச் சொல்லுங்கள். பரிமாற்றம் என்றதும் நம் பெற்றோருக்கும் அதிபர்மாருக்கும் விமானம்தான் கண்ணில் தெரிகிறது. நாங்கள் முதல் தடவை செய்தபோதும் அப்படித்தான், போவதை மட்டும் திட்டமிட்டோம். காசு சேர்த்தோம், டிக்கெட் போட்டோம், பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில் ஜக்கெட்கூட வாங்கினோம். பயணத்துக்கு 2 கிழமை இருக்கும்போது 4 பேருக்கு விசா மறுக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளின் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அந்த வெளிநாட்டுப் பாடசாலைக்கும் எங்களுக்கும் இடையில் அதுவரை இருந்ததெல்லாம் மின்னஞ்சல்கள் மட்டுமே. எங்கள் வகுப்பறையையோ வீடுகளையோ அவர்களில் ஒருவரும் கண்டதில்லை. அவர்கள் தூதரகத்துக்கு எழுதித் தந்த கடிதமும் முன்பின் தெரியாத ஆட்களைப் பற்றி எழுதிய கடிதமாகவே இருந்தது.

அடுத்த முறை வரிசையை மாற்றினோம். அவர்களில் 10 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் முதலில் இங்கே வந்து 9 நாட்கள் தங்கினார்கள். பிறகு நாங்கள் போகும்போது அந்த ஆசிரியர்கள் எழுதிய கடிதத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், எந்த வீட்டில் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதும், திரும்பி வந்து எந்தப் பரீட்சைக்கு இருக்கப்போகிறார்கள் என்பதும் இருந்தன. அந்த முறை எல்லோருக்கும் விசா கிடைத்தது.

முதலில் அழைப்பதில் செலவும் குறைவு. டிக்கெட்டை வருகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள். உங்கள் பக்கம் சாப்பாடு, வான் வாடகை, நுழைவுக் கட்டணம், அவ்வளவுதான். அவர்களுக்கு ஈ.டி.ஏ. என்ற இணையவழிப் பயண அனுமதி எடுத்தால் 30 நாட்கள் வரை தங்கலாம். ஆகவே பணம் ஒரு தடையே இல்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் “யார் வீட்டில் ஒரு பிள்ளையைத் தங்கவைக்கலாம்?” என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள். கூட்டம் முடிந்த பிறகு ஒரு அம்மா கிட்ட வந்து மெதுவாகச் சொல்வார்: “எங்கட வீடு சின்னது மிஸ். ரெண்டு அறைதான். அந்தப் பிள்ளை வந்து எங்க படுக்கிறது?”

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று நம் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இருப்பது அடுக்குமாடி வீடுகளில். ஒரு அறையில் அம்மம்மா, ஹோலில் டியூஷன் புத்தகங்கள், பல்கனியில் உடுப்புக் காய்கிறது. இதைப் பார்த்து வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பெற்றோருக்கு ஒருவர் சொல்ல வேண்டும், அது நீங்களாக இருக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்: தனி அறை வேண்டாம், தனிக் கட்டில் வேண்டும். குளியலறைக் கதவுக்கு உள்ளே பூட்டு வேண்டும். அந்த வீட்டில் ஏறக்குறைய அதே வயதில், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று ஒரு பிள்ளை இருக்க வேண்டும். இரவில் பொறுப்பான பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். எங்களிடம் வந்தவர்களில் ஒரு பிள்ளை கொட்டாஞ்சேனையில் மிகச் சிறிய வீடொன்றில் தங்கியது. காலையில் அம்மம்மாவோடு உட்கார்ந்து இடியப்பம் பிழியப் பழகியது. ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தப் பிள்ளை எழுதிய முதல் கடிதத்தில் கேட்டது, இடியப்ப உரல் எங்கே வாங்கலாம் என்பதுதான்.

வீட்டைப் பற்றிப் பேசும்போது பாதுகாப்பில் முகத்தாட்சணியம் பார்க்கக் கூடாது. அமெரிக்காவின் பரிமாற்ற விசாவான ஜே-1இல் வரும் பாடசாலை மாணவர்களுக்கான விதிகளை நான் ஒரு அளவுகோலாக வைத்திருக்கிறேன். அங்கே தங்கவைக்கும் வீட்டில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் குற்றப் பின்னணி விசாரிக்க வேண்டும். வீட்டுக்கு நேரில் போய்ப் பேச வேண்டும். உள்ளூர் இணைப்பாளர் அந்த வீட்டிலிருந்து 120 மைலுக்குள் இருக்க வேண்டும், மாதம் ஒரு தடவையாவது பிள்ளையோடு பேச வேண்டும். 9 நாள் வருகைக்கு இவ்வளவும் தேவையா என்று கேட்பார்கள். தேவைதான். 2 ஆசிரியர்கள் சேர்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பாருங்கள். அங்கே வசிக்கும் பெரியவர்கள் எல்லோரின் பெயரையும், ஒரு கிழமை வந்து நிற்கும் மாமா உட்பட, எழுதி வாங்குங்கள். கிராம சேவகர் சான்றிதழும் பொலிஸ் சான்றிதழும் கேளுங்கள். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் கேட்டால்தான் பிரச்சினை வரும். வருகிற பிள்ளையின் கையில் ஒரு அட்டை இருக்கட்டும்: உங்கள் எண், இன்னொரு ஆசிரியரின் எண், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. எந்த நேரமும், காரணம் சொல்லாமலே, வேறு வீட்டுக்கு மாறலாம் என்று அந்தப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதற்காக ஒரு வீட்டைத் தயாராக வைத்திருங்கள். நாங்கள் 2 தடவை அந்த வீட்டைப் பயன்படுத்த வேண்டி வந்தது. இரண்டும் சின்னக் காரணங்கள்தான். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் வாய் திறந்து சொன்னதற்குக் காரணம், கேட்கலாம் என்று முன்பே தெரிந்திருந்ததுதான்.

வந்தவர்களை ஒவ்வொரு நாளும் வானில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டாதீர்கள். 9 நாளில் 5 நாளாவது அவர்கள் நம் பிள்ளைகளோடு வகுப்பில் இருக்கட்டும், பின்னேரம் வீட்டுக்குப் போகட்டும், கடற்கரையில் நடக்கட்டும். ஒரே ஒரு நாள் நான் விட்டுக்கொடுக்காத நாள் உண்டு. செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களில் தொடங்கி, புறக்கோட்டையின் சிவப்புப் பள்ளிவாசலைப் பார்த்து, ஒல்லாந்தர் கட்டி 1757இல் திறந்த வுல்பெண்டால் தேவாலயம் வரை கால்நடையாகப் போவோம். வழிகாட்டிகள் நம் பிள்ளைகள்தான். ஒவ்வொரு இடத்தையும் 2 பேர் படித்துக்கொண்டு வந்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் அங்கே பேசுவதைப் பார்த்திருக்கிறேன். ஜூன், ஜூலையிலும் ஒக்டோபருக்குப் பிறகும் வருகிறவர்கள் என்றால் நுளம்பு விரட்டும் மருந்தும் நீண்ட கைச் சட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கொழும்பில் டெங்கு கூடும் காலம் அது.

சரி, இனி நாடு. தமிழ் மொழிமூலப் பிள்ளைகளின் முதல் பரிமாற்றத்துக்கு நான் சொல்லும் இடம் சிங்கப்பூர். இலங்கைக் கடவுச்சீட்டுக்குக் குறுகிய வருகைக்கு அங்கே விசா தேவையில்லை. அந்த ஒரு காரணத்தாலேயே உங்கள் வேலை பாதியாகக் குறைந்துவிடும். விமானத்தில் ஏறக்குறைய 4 மணித்தியாலத்தில் போய்விடலாம். நேர வித்தியாசம் 2½ மணித்தியாலம் என்பதால் வகுப்பு நேரத்திலேயே ஸூமில் பேசலாம். அங்கே தமிழ் ஆட்சி மொழிகளில் ஒன்று. தமிழ்ப் பிள்ளைகள் அதைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கிறார்கள். உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் போன்ற இடங்களில் உயர்நிலை மாணவர்கள் தமிழ் படிக்கிறார்கள். நம் பிள்ளை ஆங்கிலத்தில் திக்கினால் தமிழில் தொடரலாம், அவர்கள் தமிழில் திக்கினால் ஆங்கிலத்தில் தொடரலாம். இரண்டு பக்கமும் ஒன்றில் பலமும் ஒன்றில் பலவீனமும் இருப்பது நட்புக்கு நல்லது. மலேசியாவையும் பலர் சொல்வார்கள். அங்கே தமிழ்ப் பாடசாலைகள் ஆரம்பநிலையோடு முடிந்துவிடுகின்றன என்பதை மனதில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.

ஐரோப்பாவோ ஜப்பானோ வேண்டும் என்றால் மொழி வழியாகப் போங்கள். ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானிய மொழி எல்லாம் நம் பரீட்சைப் பாடங்களாகவே இருக்கின்றன. உங்கள் பாடசாலையில் அவற்றில் ஒன்றைப் படிப்பிக்கிறார்கள் என்றால் கொழும்பில் உள்ள ஜெர்மன் மொழி நிலையமான கோதே நிறுவனம் அல்லது பிரெஞ்சு மொழி நிலையமான அலியான்ஸ் பிரான்சேஸுக்குப் போய்ப் பேசுங்கள். ஜெர்மனி 2008இல் தொடங்கிய பாஷ் என்ற பாடசாலை வலையமைப்பும், ஜப்பான் 2007இல் தொடங்கிய ஜெனசிஸ் என்ற இளைஞர் அழைப்புத் திட்டமும் தெரிந்திருக்க வேண்டிய பெயர்கள். ஒரு முழு வருடம் போக விரும்பும் பிள்ளை இருந்தால் அதை நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டாம். 15 முதல் 19 வயது வரையானவர்களுக்கு ரோட்டரி இளைஞர் பரிமாற்றம் இருக்கிறது. இலங்கையும் மாலைதீவும் சேர்ந்த ரோட்டரி மாவட்டம் 3220இன் ஊடாக விசாரிக்கலாம். இரண்டு உலகப் போர்களிலும் காயம்பட்டவர்களை அம்புலன்ஸில் ஏற்றிச் சென்ற ஏ.எஃப்.எஸ். என்ற இன்னொரு பரிமாற்ற அமைப்பினர், போர் முடிந்து 1947இல் பாடசாலைப் பிள்ளைகளை வேற்று நாட்டு வீடுகளில் தங்கவைக்கத் தொடங்கினார்கள். இத்தனை வருட அனுபவம் உள்ளவர்கள் செய்யும் வேலையை ஒரு பாடசாலை தனியாகச் சுமக்க முடியாது. உங்களுக்கு 10 முதல் 14 நாள் போதும். பிரித்தானியாவில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை உறவினர் அல்லாத வீட்டில் 28 நாளும் அதற்கு மேலும் தங்கினால் உள்ளூராட்சி சபைக்கு அறிவிக்க வேண்டிய சட்டமே இருக்கிறது. குறுகிய வருகையில் இந்தச் சிக்கல்களும் இல்லை.

வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கனடாவின் ஸ்காபரோவிலும் லண்டனிலும் உங்கள் பாடசாலையில் படித்தவர்கள் ஆசிரியர்களாக இருக்கலாம். கூட்டாளிப் பாடசாலையைக் கண்டுபிடிக்க அவர்களைவிட நல்ல வழி இல்லை. ஆனால் பிள்ளைகளை அவர்கள் வீட்டிலோ பெரியம்மா, சித்தப்பா வீட்டிலோ தங்கவைக்காதீர்கள். அங்கே போய் நம் சாப்பாடு, நம் கதை, நம் டிவி என்று இருந்துவிட்டு வந்தால் அது உறவினர் வீட்டுப் பயணம். பெற்றோர் எழுதித் தந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வரட்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு விடயம், விசாப் படிவம். நம் குடும்பங்களில் வெளிநாட்டில் ஒருவர்கூட இல்லாத வீடு அரிது. அதைச் சொன்னால் விசா தர மாட்டார்கள் என்று பயந்து சில பெற்றோர் மறைக்கிறார்கள். தயவு செய்து இதை அனுமதிக்காதீர்கள். கனடாவில் உண்மையை மறைத்தது தெரிந்தால் 5 வருடத் தடை. பிறகு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் வயதில் அந்தப் பிள்ளை அதைச் சுமக்க வேண்டி வரும். நம் பிள்ளைகளின் விண்ணப்பத்தில் அதிகாரி தேடுவது, இவர் திரும்பி வருவாரா என்பதற்கான பதிலை. அதற்கு நேர்மையான பதில்கள் நம்மிடம் இருக்கின்றன: இங்கே இருக்கும் அம்மா, அப்பா, தம்பி, தங்கை, எழுதப்போகும் பரீட்சை, முன்பு அந்தப் பாடசாலைப் பிள்ளைகள் இங்கே வந்து போன படங்களும் கடிதங்களும். அதிபரின் கடிதம் ஒரே அச்சில் 12 பிரதி எடுத்ததாக இல்லாமல் பிள்ளைக்குப் பிள்ளை வேறாக இருக்கட்டும்.

காலத்தைத் தீர்மானிப்பதுதான் இங்கே உண்மையில் கஷ்டம். முன்பெல்லாம் சாதாரண தரப் பரீட்சை டிசெம்பரில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 2020க்குப் பிறகு அந்த ஒழுங்கு குலைந்தது. 2024ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2025 மார்ச்சில்தான் நடந்தது. ஆகவே பரீட்சைத் திணைக்களம் திகதி அறிவிக்கும் வரை டிக்கெட் போடாதீர்கள். தரம் 11 பிள்ளைகளைத் தொடவே வேண்டாம். எனக்குப் பிடித்த காலம் தரம் 10இன் நடுப்பகுதி. சாதாரண தரம் முடிந்த இடைவெளி நல்லது என்று தோன்றும். ஆனால் பரீட்சை முடிந்த அடுத்த கிழமையே உயர் தர டியூஷன் தொடங்கிவிடுகிறது, முதல் பாடங்களை விடப் பெற்றோர் சம்மதிப்பதில்லை. அப்புறம் அந்த நாட்டுப் பாடசாலையின் தவணையையும் பாருங்கள். நம் ஓகஸ்ட் விடுமுறையில் போனால் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பாடசாலை மூடியிருக்கும். மூடிய பாடசாலைக்குப் பரிமாற்றம் போவதில் பயனில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் முதல் மின்னஞ்சலில் இருந்து நம் பிள்ளைகள் விமானம் ஏறும் வரை 18 மாதம் வேண்டும்.

அனுமதி விடயத்தில் சர்வதேசப் பாடசாலைகளுக்கு வழி வேறு. அவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அரச பாடசாலை என்றால் தேசியப் பாடசாலைக்கு இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சு, மாகாணப் பாடசாலைக்கு வலயக் கல்விப் பணிமனையும் மாகாணத் திணைக்களமும். கூடப்போகும் ஆசிரியர்களுக்கு வெளிநாட்டு விடுமுறை அனுமதி தனியாக எடுக்க வேண்டும். பல குழுக்கள் கடைசி நேரத்தில் தடுக்கி விழுவது இங்கேதான். கடவுச்சீட்டுக்குக் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தின் பத்தரமுல்ல அலுவலகத்தில் விசாரியுங்கள். படத்தைத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். 16 வயதுக்குக் குறைந்தவர்களின் கடவுச்சீட்டு 3 வருடத்துக்குத்தான் செல்லும். ஆகவே ஏற்கெனவே கடவுச்சீட்டு உள்ள பிள்ளைகளின் காலாவதித் திகதியை முதல் நாளே பார்த்துவிடுங்கள். பெற்றோர் இருவரின் சம்மதமும் தேவை. அப்பா கட்டாரில் வேலை செய்கிறார், அல்லது பெற்றோர் பிரிந்திருக்கிறார்கள் என்றால் அந்தக் கடிதங்களுக்கே மாதக் கணக்கில் ஓடும். அந்தப் பிள்ளைகளின் வேலையை முதலில் தொடங்குங்கள், வகுப்பில் மற்றவர்களுக்குத் தெரியாமல் பேசுங்கள். 2024இல் கடவுச்சீட்டுத் தட்டுப்பாட்டால் விடிய விடிய வரிசையில் நின்றவர்களை எல்லோரும் பார்த்தோம். ஆறு மாதம் முன்கூட்டி எடுத்து வைப்பதில் நட்டமில்லை.

பணத்தை டொலரில் கணக்கிடுங்கள், ரூபாயில் சேருங்கள், இடையில் 15 சதவீதமாவது கூடுதலாக வையுங்கள். 2022இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த வருடம் திட்டம் போட்டிருந்தவர்கள் பெற்றோரிடம் மறுபடியும் பணம் கேட்க முடியாமல் கைவிட வேண்டி வந்தது. 10 பேருக்கு மேல் என்றால் விமானக் குழுக் கட்டணம் கேளுங்கள். முற்பணம் கட்டிவிட்டுப் பெயர்களைப் பிறகு கொடுக்க அதில் பெரும்பாலும் இடமிருக்கும். ஐரோப்பாவின் பொது விசா வலயமான ஷெங்கன் நாடுகளுக்குக் குறைந்தது 30,000 யூரோவை ஈடு செய்யும் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். வேறு நாட்டுக்குப் போனாலும் அதே அளவுக்கு எடுங்கள்.

பழைய மாணவர் சங்கத்தின் பணத்தை 12 பேருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்ட முடிந்தவர்கள் முழுவதும் கட்டட்டும். அந்தப் பணம் 3 அல்லது 4 பிள்ளைகளின் முழுச் செலவுக்குப் போகட்டும், பெட்டியும் குளிர் உடுப்பும் கைச்செலவும் உட்பட. யாருக்குக் கிடைத்தது என்பது உங்களுக்கும் அதிபருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். தெரிவும் அப்படியே. ஆங்கிலத்தில் முதல் வருபவரையும் சிரேஷ்ட மாணவத் தலைவரையும் தானாகச் சேர்த்துவிடாதீர்கள். வந்திருந்த பிள்ளைகளோடு யார் உண்மையில் பழகினார்கள், சாப்பிடாமல் இருந்த பிள்ளையை யார் கவனித்தார்கள், பிந்தி வந்த வானுக்காக யார் முகம் சுளிக்காமல் காத்திருந்தார்கள் என்று பாருங்கள். முதலில் அழைப்பதன் இன்னொரு பயன் இது. 9 நாளில் நேர்முகத் தேர்வு தானாகவே நடந்து முடிந்துவிடும்.

போகும் பிள்ளைகளைத் தயார்படுத்தும் வகுப்புகளில் கத்தி, முள்ளுக்கரண்டி பிடிப்பதற்கு அரை மணித்தியாலம் போதும். அதிக நேரம் வேறொன்றுக்குத் தேவை. அங்கே சாப்பாட்டு மேசையில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்: உங்கள் நாட்டில் போர் நடந்ததே, நீங்கள் யார் பக்கம்? இன்று தரம் 10இல் இருக்கும் பிள்ளைகள் 2009 மே மாதத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். வீட்டில் சிலருக்கு எல்லாம் சொல்லப்பட்டிருக்கிறது, சிலருக்கு ஒன்றுமே சொல்லப்படவில்லை. என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது. ஆனால் அந்தக் கேள்வியை முதல் தடவையாக ஒரு பிறத்தியார் வீட்டில் அவர்கள் சந்திக்கவும் கூடாது. நாங்கள் 3 பின்னேரங்களை இதற்கென்று ஒதுக்கினோம். வட்டமாக உட்கார்ந்து அவரவர் குடும்பக் கதையில் சொல்ல விரும்பியதைச் சொன்னார்கள். “எனக்கு இதைப் பற்றிப் பேச விருப்பமில்லை” என்பதும் மரியாதையான பதில்தான் என்று பழக்கினோம். ஒரு வருடம் அயலில் உள்ள சிங்கள மொழிமூலப் பாடசாலையின் 4 பிள்ளைகளையும் குழுவில் சேர்த்தோம். அந்த 3 பின்னேரங்களில் நான் கேட்டவை, பாடப்புத்தகத்தோடு இருந்த அத்தனை வருடங்களிலும் கேட்காதவை.

போன பிறகு மூன்றாம், நான்காம் நாள் இரவில்தான் அழுகை வரும். முதல் 2 நாள் புதுமையில் போய்விடும். அம்மாமாருக்கு முன்பே சொல்லி வையுங்கள்: ஒரு நாளுக்கு ஒரு தடவை, 15 நிமிடம். வீடியோ அழைப்பில் அம்மா அழுதால் பிள்ளை அந்த வீட்டுக்காரரோடு அன்று சாப்பிடாது. கூடப்போகும் ஆசிரியர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் நேரில் பார்க்க வேண்டும். வட்ஸ்அப்பில் “ஓகே மிஸ்” என்று வரும் செய்தியை நம்பி இருக்கக் கூடாது.

உங்களிடம் இப்போது இருக்க வேண்டியது ஒரு வெள்ளைத் தாள் மட்டுமே. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நாட்டின் பெயர் எதையும் சொல்லாமல், 9 நாளைக்கு ஒரு பிள்ளையைத் தங்கவைக்கக்கூடிய வீடுகள் எத்தனை என்று கேளுங்கள். சின்ன வீடு போதும் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். அன்று கை தூக்காதவர்கள் கூட்டம் முடிந்து கிட்ட வரும்வரை வாசலில் நில்லுங்கள். தாளில் 8 வீடு சேர்ந்ததும் சிங்கப்பூருக்கு முதல் மின்னஞ்சலை எழுதுங்கள்.